மூன்று முறை நட்டும் பட்டுப்போன கன்றுகள்: அழிந்த காடு மீளுமா?

கேள்வி: எங்கள் ஊர் டெல்டாவின் கடலோரத்தில், கழிமுகத்தை ஒட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் அலையாத்திக் காடாக இருந்த திடல் இப்போது வெறும் உவர் மண்ணாகக் கிடக்கிறது. ஐந்து வருடத்தில் மூன்று முறை கன்று நட்டார்கள், மூன்று முறையும் பட்டுப்போனது. இவ்வளவு கெட்டுப்போன இடம் இனி மீளவே மீளாதா? இயற்கைக்குத் தானாக மீளும் சக்தி உண்டு என்கிறார்களே, அப்படியானால் நட வேண்டிய தேவையே இல்லையா?

பதில்:

மீளும். ஆனால் நான்காவது முறையும் போய்க் கன்று நட்டால் நான்காவது முறையும் பட்டுத்தான் போகும். மூன்று நடவும் தோற்றது என்பதே உங்கள் கையில் இருக்கும் முக்கியமான தகவல். அந்த இடத்தில் குறைவது கன்று அல்ல என்று மண் மூன்று முறை சொல்லிவிட்டது.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கல்லூரியில் படித்தபோது ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை எங்களை வேனில் ஏற்றி ஒரு கழிமுகத்துக்குக் கூட்டிப்போனார்கள். முழங்கால் சேற்றில் நின்று மதியம் வரை சுரபுன்னை என்ற சதுப்புநில மரத்தின் காய்களை வரிசை வரிசையாகக் குத்தினோம். குத்திய இடம் நல்ல சமதளமான சேறு, குத்துவதற்குச் சுகமாக இருந்தது. படம் எடுத்தோம், தயிர்சாதம் சாப்பிட்டோம், திரும்பிவிட்டோம். அடுத்த கோடையில் அதே வழியாகப் போனபோது குச்சிகள் மட்டும் கறுத்து நின்றன, அவற்றில் சிப்பி ஒட்டியிருந்தது. அங்கே ஓதம், அதாவது கடலின் ஏற்றம், வந்தால் நாளின் பெரும்பகுதி தண்ணீர் வடிவதே இல்லை என்று பிறகுதான் ஒரு மீனவர் சொன்னார். 'முளைக்கிற இடமாக இருந்தால் அதுவே முளைத்திருக்காதா தம்பி' என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் இந்தத் துறையின் பாதி இருக்கிறது. ஒரு இடத்தில் காடு இல்லை என்றால், அங்கே அது திரும்பி வராமல் எது தடுக்கிறது? அதைக் கண்டுபிடித்து விலக்குவதுதான் முதல் வேலை. நடவு அதற்கு அப்புறம்தான், பல இடங்களில் தேவையே இல்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது, பிச்சாவரம். படகுச் சவாரிக்குப் போகிறவர்களுக்கு அது காலங்காலமாக அப்படியே நிற்கும் காடு போலத் தெரியும். கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் திட்டுத் திட்டாக இருக்கும் அந்தக் காட்டில் பெரும்பகுதி ஒரு காலத்தில் மொட்டைத் திடலாக இருந்தது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பேரைக் கொடுத்த தில்லை மரமும் இந்தக் காட்டு மரம்தான். பால் பட்டால் கண் போகும் என்று இன்றும் பயப்படுவார்கள். பேர் அவ்வளவு பழையது, காடு அவ்வளவு பத்திரமாக இருக்கவில்லை.

நடந்தது இதுதான். பிரிட்டிஷ் காலத்திலிருந்து 1970-கள் வரை அங்கே கூப்பு முறையில் மரம் வெட்டினார்கள். காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றையும் முறை வைத்து அடியோடு வெட்டி ஏலம் விடுவது. வெட்டிய கூறு இருபது முப்பது வருடத்தில் தானாக வளர்ந்துவிடும், அப்போது மறுபடி வெட்டலாம் என்பது கணக்கு. மலைக்காட்டுக்குப் போட்ட கணக்கைச் சேற்றுக்காட்டுக்கும் போட்டுவிட்டார்கள். இங்கே அது பலிக்கவில்லை.

ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், உங்கள் திடலின் கதையும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அலையாத்தி நிற்கும் மண் நீரும் வேரும் மக்கிய இலையும் சேர்ந்து ஊறிக் கிடக்கும் மண். மரத்தை வெட்டியதும் வெயில் நேராகச் சேற்றில் விழுகிறது. ஈரம் ஆவியாகிறது, உள்ளே வேர்கள் மக்குகின்றன, மண் சுருங்கி அமுங்குகிறது. வெட்டிய கூற்றின் நடுப்பகுதி சில அங்குலம் தாழ்ந்து தாம்பாளம் போல ஆகிவிடுகிறது. சில அங்குலம்தானே என்று தோன்றும். வங்கத்துச் சுந்தரவனத்தில் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும், அங்கே சில அங்குலத்துக்குப் பெரிய மதிப்பில்லை. நம் கடற்கரையில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மீட்டருக்குள்தான். பெரிய ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் தாம்பாளத்தில் தங்கிவிடுகிறது. வற்றும்போது வெளியே போக வழியில்லை. சித்திரை வெயிலில் தண்ணீர் காய்கிறது, உப்பு மட்டும் மிஞ்சுகிறது. அடுத்த ஓதம் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவந்து வைக்கிறது. உப்பளத்தில் பாத்தி கட்டி உப்பு விளைவிப்பதும் இதே வேலைதான். யாரும் திட்டமிடாமல் காட்டுக்குள் ஓர் அளம் உருவாகிவிட்டது.

அலையாத்தி உப்பைத் தாங்கும் மரம்தான், இலை வழியாக உப்பை வெளியே தள்ளும் திறமையும் அதற்கு உண்டு. நாக்கில் வைத்துப் பார்த்தால் இலை கரிக்கும். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறதே. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. மண்ணில் அதையும் தாண்டி ஏறிக்கொண்டே போனால் விதை முளைக்காது, முளைத்த கன்றும் நிற்காது. உமிரிச் செடி மட்டும் அங்கங்கே சிவந்து கிடக்கும். பக்கத்துத் திட்டில் நல்ல காடு இருக்கிறது, ஒவ்வொரு பருவத்திலும் ஆயிரக்கணக்கான காய்கள் மிதந்து வருகின்றன, ஆனாலும் திடல் பல பத்தாண்டுகள் திடலாகவே கிடந்தது. விதை இல்லாமல் இல்லை, மழை பொய்க்கவும் இல்லை. தண்ணீர் உள்ளே வந்தது, வெளியே போகவில்லை. அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் பழி வேறு இடத்தில் விழுந்தது. ஊர்மாடு மேய்ந்ததால் காடு போனது, விறகு பொறுக்கியதால் போனது என்றார்கள். மாடும் விறகும் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காவல் போட்டு மாட்டைத் துரத்தியிருந்தாலும் அந்தத் தாம்பாளத்தில் ஒரு கன்று முளைத்திருக்காது. தவறான காரணத்தைப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு கண்டிப்பாக வேலை செய்தாலும் வீண்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் தமிழ்நாடு வனத்துறையோடும் சுற்று ஊர்க்காரர்களோடும் சேர்ந்து செய்தது எளிய வேலை: வாய்க்கால் வெட்டியது. பக்கத்து உப்பங்கழியிலிருந்து திடலின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போல இருக்கும். ஓதம் ஏறும்போது தண்ணீர் முள்ளின் நுனி வரை போகும், வற்றும்போது அதே வழியில் திரும்பிவிடும். தேங்காது. ஓதம் நாள்தோறும் மண்ணைக் கழுவியது, ஐப்பசி கார்த்திகை மழை மிச்சத்தைக் கழுவியது. உப்பு இறங்கிய பிறகுதான் வாய்க்கால் கரையில் கன்று வைத்தார்கள், அதுவும் பெரும்பாலும் வெண்கண்டல். நீங்கள் அலையாத்தி என்கிறீர்களே, அதே மரம்தான். செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்தபோது 1986-க்கும் 2002-க்கும் நடுவில் பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியிருந்தது. இப்போது அது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது, 2022-ல் சேர்த்தார்கள்.

முத்துப்பேட்டைப் பக்கம் மீனவர்கள் வெகுநாளாகவே காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, ஓதத்தோடு உள்ளே வரும் மீனை வற்றத்தில் பிடிப்பார்கள். அவர்கள் வெட்டியது மீனுக்காக. ஆனால் அந்த வாய்க்கால் கரைகளில் மரம் நன்றாக வந்தது. ஊரில் யாருக்கோ பதில் ஏற்கெனவே தெரிந்திருக்கும், அதைக் கேள்வியாகக் கேட்க ஆள் இருக்காது.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் வெஸ்ட் லேக் பகுதியில் ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் இதையே இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோனார். மண் கொட்டி மேடாக்கியிருந்த சதுப்பைச் சரியான மட்டத்துக்குச் செதுக்கி, ஓதம் வந்துபோகச் சிற்றோடைகளைத் திறந்துவிட்டார். கன்று நடவே இல்லை, கடல் கொண்டுவந்த விதையிலேயே காடு எழுந்தது. அவர் சொன்ன ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த மரங்கள் நிற்கும் தரை மொத்த நேரத்தில் சுமார் 30 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் தண்ணீருக்கு அடியில் இருக்கும். மிச்ச நேரம் அதன் மூச்சுவேர் காற்றில் இருந்தாக வேண்டும். நாங்கள் சுரபுன்னை குத்திய அந்தச் சுகமான சேறு எந்த ரகம் என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, பிச்சாவரம் பழையபடி ஆகிவிட்டதா? இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பச்சை திரும்பியது, ஆனால் அது பெரும்பாலும் ஒரே மரத்தின் பச்சை. நன்னீரும் உவர்நீரும் கலந்த தண்ணீர் கேட்கும் இனங்கள் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. அவற்றுக்குக் காவிரித் தண்ணீர் வேண்டும். மேட்டூர் அணை 1934-ல் வந்தது, அதற்கு மேலேயும் அணைகள் வந்தன, கடைமடைக்கும் அதற்கப்பால் கழிமுகத்துக்கும் வந்து சேரும் நீர் சுருங்கிவிட்டது. வாய்க்கால் வெட்டி ஓதத்தைச் சரிசெய்யலாம். ஆற்றைச் சரிசெய்வது ஒரு ஊர், ஒரு துறை, ஒரு மாநிலத்தின் கையில்கூட முழுதாக இல்லை. இன்னொன்று, வெட்டிய வாய்க்கால் தூர்ந்துவிடும். வண்டல் படியப் படியத் தூர்வார வேண்டும். திட்டம் முடிந்து பணம் நின்றதும் தூர்வாருவதும் நின்றுபோனால் பத்து வருடத்தில் தாம்பாளம் மறுபடி உருவாகும். வீட்டுக்கூரை போலத்தான், ஒருமுறை மேய்ந்தோம் முடிந்தது என்று விட முடியாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தானாக மீளும் சக்தி, அதாவது மீள்திறன். அது உண்மையிலேயே உண்டு, நாம் நினைப்பதைவிட அதிகமாகவே உண்டு. வெப்பமண்டல அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும், விவசாயம் செய்து கைவிட்ட நிலங்களில் தானாக எழுந்த காடுகளை ஒரு பெரிய ஆய்வுக் குழு அளந்தது. 2021-ல் முடிவு வந்தது. இருபதே வருடத்தில் அந்தக் காடுகள் பல அம்சங்களில் முதிர்ந்த காட்டின் அளவில் சராசரியாக 78 சதவீதத்தை எட்டிவிட்டன. மண் வளம் பத்து வருடத்துக்குள்ளேயே தேறிவிட்டது. ஆனால் மரத்தின் மொத்த எடையும், எந்தெந்த இனங்கள் எந்த அளவில் என்ற கலவையும் முழுதாகத் திரும்ப 120 வருடத்துக்கு மேல் ஆகும். முக்கியமான நிபந்தனை ஒன்று: அந்த நிலங்கள் கடுமையாகச் சீரழிக்கப்படாதவை. பக்கத்தில் பழைய காடு இருந்தது, மண்ணில் உயிர் இருந்தது, விதை கொண்டுவரப் பறவை இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் போய்க் குழி வெட்டிக் கன்று வைப்பது வேலையற்ற வேலை. வேலி போட்டு, தீ வராமல் பார்த்துக்கொண்டு, சும்மா இருப்பதுதான் அங்கே மறுசீரமைப்பு. சும்மா இருப்பதற்குப் பணம் தர யாரும் முன்வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மீள்திறனை ரப்பர் இழுவை போலச் சிலர் விளக்குவார்கள், விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்று. எனக்குத் தாம்பாளம்தான் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒரு எல்லை வரை அடி தாங்கும், தாங்கி எழுந்துவிடும். எல்லை தாண்டினால் புதிய நிலைமை தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள ஆரம்பிக்கும். மரம் இல்லாததால் உப்பு, உப்பு இருப்பதால் மரம் இல்லை. 1973-ல் ஹாலிங் என்ற கனடா நாட்டுச் சூழலியலாளர் மீள்திறன் பற்றி எழுதியபோது வலியுறுத்தியதும் இதைத்தான்: ஒரு இடத்துக்கு நிலையான நிலைமை ஒன்றுதான் என்று இல்லை, கெட்டுப்போன நிலைமையும் உறுதியாக நிற்கக்கூடியதுதான். அங்கே காத்திருப்பதால் பயனில்லை. யாராவது அந்தச் சங்கிலியை ஒரு இடத்தில் அறுக்க வேண்டும்.

மரத்துக்கு மரமும் இது மாறும். 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டை எப்படிப் புரட்டிப்போட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலையாத்திக்குப் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் உண்டு, கிளை முறிந்தாலும் அடிமரத்திலிருந்து துளிர்க்கும். சுரபுன்னையின் முதிர்ந்த கிளையில் அந்த வசதி இல்லை, மொத்தமாக ஒடிந்தால் போனதுதான், புதிதாக விதையிலிருந்து வர வேண்டும். ஒரே காற்று அடுத்தடுத்த இரண்டு காடுகளை வேறுவேறு இடத்தில் கொண்டுபோய் விடும். அடிக்கு அடி இடைவெளியும் முக்கியம். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டி எடுப்பது 2005 வாக்கில் நின்ற பிறகு பவளம் மெல்லத் தேறிவந்தது. 2010-ல் கடல் சூடேறி வெளுத்தது. மறுபடி தேறியது. 2016-ல் திரும்பவும் வெளுத்தது, முன்பைவிட மோசமாக. தேறும் சக்தி குறைந்துவிட்டது என்பதைவிட, தேற நேரம் கிடைக்கவில்லை என்பதே சரி.

தடை எப்போதும் தண்ணீராக இருக்காது. வால்பாறைக்குப் போனால் வேறு கதை. தேயிலைக் காட்டுக்கு நடுவே தீவு தீவாக மழைக்காட்டுத் துண்டுகள் நிற்கின்றன. அவற்றின் ஓரங்களில் உண்ணிச்செடி புதராக மூடி, கீழே வரும் கன்றை எழவிடாது. பெரிய விதையுள்ள மரங்களுக்கு இருவாச்சி போன்ற பறவை வேண்டும், நடுவில் தேயிலை பரந்து கிடந்தால் அதன் வரத்தும் குறையும். அங்கே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பினர் 2000-த்தை ஒட்டிய வருடங்களிலிருந்து தோட்ட நிர்வாகங்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். அவர்கள் செய்யும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். காட்டுச் சாலையோரம் விழுந்து கிடக்கும் விதைகளைப் பொறுக்குவார்கள், தாரில் விழுந்த விதை எப்படியும் முளைக்கப் போவதில்லையே. நாற்றங்காலில் வளர்ப்பார்கள். களையைக் கையால் எடுக்கும்போது தானாக வந்திருக்கும் காட்டுக் கன்றை விட்டுவிட்டு எடுப்பார்கள். பிறகு மழை தொடங்கும் நேரத்தில் பல இன மரங்களைக் கலந்து நடுவார்கள். ஏழு முதல் பதினைந்து வருடம் கழித்து ஒப்பிட்டபோது, சும்மா விட்ட துண்டுகளைவிட வேலை செய்த துண்டுகள் முதிர்ந்த காட்டுக்கு நெருக்கமாக வந்திருந்தன. பெரிய காட்டிலிருந்து தள்ளித் தனியாகக் கிடந்த துண்டுகளில் அந்தப் பலன் கூடுதல். விதை வந்து சேர முடியாத இடத்தில் நடவுக்கு வேலை இருக்கிறது. உங்கள் திடலில் அது பிரச்சினையே இல்லை, பக்கத்தில் காடு இருந்தால் ஓதமே விதை கொண்டுவரும்.

சில இடத்தில் நட்டதுதான் நோயே. பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலை எனப்படும் மலைக்காட்டுக்கு வெளியே விரிந்து கிடந்த புல்வெளியைத் தரிசு என்று நினைத்து வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். பழனி மலையில் 1970-களுக்கும் 2014-க்கும் இடையே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் புல்வெளி போய்விட்டது. மழையைப் பிடித்து மெல்ல விட்டுக்கொடுத்த புல் அது. அங்கே மீட்டெடுப்பு என்றால் மரத்தை வெட்டுவது. கொடைக்கானலில் நின்று இதைச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் உங்களை மரக்கடத்தல்காரன் என்று நினைப்பார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய வாட்டில் தோப்பின் நிழலில் சில இடங்களில் சோலை மரக் கன்றுகள் தானாக வர ஆரம்பித்திருக்கின்றன. அடியோடு வெட்டினால் அதுவும் போகும், திறந்த மண்ணில் வாட்டில் விதையே மறுபடி கிளம்பும். ஒரே மலையில் ஒரு சரிவில் வெட்ட வேண்டும், அடுத்த சரிவில் விட வேண்டும். மாநிலப் பரப்பில் 33 சதவீதம் மரம் வேண்டும் என்று இலக்கு வைப்பதில் எனக்கு இருக்கும் ஒரே பயம் இதுதான், புல்வெளியும் செம்மணல் தேரியும் உவர்நிலமும் கணக்கில் காலி மனையாகத் தெரியும்.

சீமைக் கருவேலமும் அப்படித்தான். 2017-ல் அதை அகற்றச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தபோது ஊரூராக ஜேசிபி இறங்கியது ஞாபகம் இருக்கும். பிடுங்கிய இடத்தில் என்ன வரவேண்டும் என்று யாரும் யோசிக்காத கண்மாய்களில் அதே மரம்தான் திரும்பி வந்தது. காயை ஆடு தின்று ஊரெல்லாம் விதைக்கிறது, மண்ணுக்குள் விதை காத்துக் கிடக்கிறது. இதற்கு மாறாக, புதுச்சேரிக்குப் பக்கத்து ஆரோவில்லில் 1968-க்குப் பிறகு வேலை தொடங்கியவர்கள் முதலில் செய்தது வரப்பு போட்டது. செம்மண் மழையோடு கடலுக்கு ஓடுவதை நிறுத்தாமல் அந்த மேட்டில் எதுவும் நிற்காது என்று தெரிந்திருந்தது. வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அகேசியாவை நிழலுக்காக வைத்தார்கள். அதன் கீழே நம் ஊர் உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள் வளர்ந்தன. 2011 கடைசியில் 'தானே' புயல் வந்தபோது அகேசியாதான் அதிகம் சாய்ந்தது. போய்விட்டுப் போகட்டும், அது வந்த வேலை முடிந்திருந்தது.

அப்படியானால் ஏன் இன்னும் எல்லோரும் நட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். இலங்கையில் சுனாமிக்குப் பிறகு சதுப்புநிலக் காடு வளர்க்கப் பணம் கொட்டியது. பின்னாளில் அங்கேயே ஆராய்ச்சியாளர்கள் 23 நடவு இடங்களைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்திருந்தது மூன்றே மூன்று இடங்களில். தவறான மட்டம், தவறான இனம், நட்ட பிறகு எட்டிப் பார்க்காதது, மாடு மிதித்தது என்று சாதாரணக் காரணங்கள்தான். நம் பக்கமும் அதே காலத்தில் மணல்மேடுகளைச் சமன்செய்து சவுக்கு நட்டார்கள். கடலைத் தடுக்க இயற்கை கட்டிவைத்த மேட்டை அழித்து, கடலைத் தடுக்க மரம். பிச்சாவரத்துக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சுனாமியின் சேதம் குறைவு என்பதும் உண்மை, அந்த ஊர்கள் மேட்டிலும் கடலிலிருந்து தள்ளியும் இருந்தன என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நன்கொடை குறையும் என்று நினைத்தார்களோ என்னவோ. கன்று எண்ணிக்கையைக் காட்டிப் பணம் வாங்க முடியும். வாய்க்காலில் தண்ணீர் வடிந்ததைப் படம் எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

சரி, உங்கள் திடலுக்கு வருவோம். முதலில் ஊரில் வயதானவர்களிடம் அங்கே என்ன மரம் இருந்தது, எப்போது போனது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். வெட்டினார்களா, சாலை போட்டார்களா, இறால் பண்ணைக்குக் கரை கட்டினார்களா, முகத்துவாரம் மணல் மூடியதா? ஒரு சாலைக்கு அடியில் குழாய் வைக்க மறந்ததே காரணமாக இருக்கலாம், அப்படியானால் உங்கள் வேலை இரண்டு குழாயோடு முடியும். அப்புறம் திடலில் நாலைந்து இடத்தில் முழங்கை ஆழம் குழி தோண்டுங்கள். ஊறும் தண்ணீரின் உப்பை அளக்கும் சிறு கருவியை மீன்வளம், கடல்வாழ் உயிரியல் படிக்கும் மாணவர்கள் வைத்திருப்பார்கள். கடல்நீரைவிட அதிகமாகக் காட்டினால் தேக்கம்தான் நோய். பக்கத்தில் நன்றாக நிற்கும் அலையாத்தி எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை, ஒரு நீளமான தண்ணீர்க் குழாயை வைத்துக் கொத்தனார் மட்டம் பார்ப்பது போலப் பாருங்கள். உங்கள் திடல் அதைவிடத் தாழ்வா, மேடா? தாழ்வென்றால் வடிய வழி வேண்டும். மேடென்றால் ஓதம் ஏற வழி வேண்டும். வாய்க்கால் எங்கே தொடங்க வேண்டும் என்று வலை வீசுகிறவர்களைக் கேளுங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவர்கள் கால் சொல்லும். இதெல்லாம் காப்புக்காட்டு எல்லைக்குள் வந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைக்காதீர்கள்.

மண்வெட்டி எடுக்கும் முன் ஒரு மாதம் பாருங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓதம் பெரிதாக ஏறும், அட்டமி நவமியில் சோம்பலாக இருக்கும். அமாவாசை ஓதம் ஏறி இறங்கிய மறுநாள் மத்தியானம் திடலுக்குப் போய், எந்த இடத்தில் தண்ணீர் இன்னும் நிற்கிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அந்தக் குச்சிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால், வாய்க்கால் எந்த வழியாகப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.